உப்பு பிடித்த போல்ட்

“இது வராதுக்கா” என்றான் அருமைநாயகம்.

லூர்தக்கா வேறொரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். வெளியே அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன.

“யாரு சொன்னது?”

“நான்தான் சொல்லுதேன்.”

“போல்ட் ஏதும் சொல்லுச்சா?”

நாயகம் ஸ்பேனரைக் கீழே வைத்தான். உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டான்.



தூத்துக்குடியில், துறைமுகச் சாலையிலிருந்து உப்பளங்களுக்குத் திரும்புகிற முக்கில் இருந்தது அந்த ஷெட். தகரக் கூரை. முன்னால் ஒரு தார்ப்பாய். அங்கே வருகிற வண்டிகளெல்லாம் உப்பு ஏற்றுகிறவை.

உப்பு ஏற்றுகிற வண்டிக்கு ஒரு வியாதி உண்டு. உப்புநீர் சொட்டிச் சொட்டி, போல்ட்டும் அது இருக்கிற துளையும் ஒரே இரும்பாகிவிடும். மற்ற ஷெட்டுகளில் அதை வெட்டி எடுப்பார்கள். இல்லாவிட்டால் ஒடித்து எடுப்பார்கள். லூர்தக்கா மட்டும் முழுசாக எடுப்பாள்.

அவள் ஆள் பெரியவள் இல்லை. நாயகத்தின் ஒரு உள்ளங்கையில் அவளுடைய இரண்டு கைகளையும் வைத்து மூடிவிடலாம். முன்பு ஒரு உப்பளத்தில் கிணற்று நீர் இறைக்கிற என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புநீரில் ஊறிய இரும்போடு அங்கேதான் பழக்கம். பிறகு இந்த ஷெட்டைப் போட்டாள்.

நாயகத்தைவிட அவள் வயதில் இளையவள். ஆனாலும் நரைத்த டிரைவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளோ வருகிறவர்களையெல்லாம் அண்ணாச்சி என்பாள். அதனால் அந்த ஷெட்டில் யார் யாரிடம் பேசினாலும் இரண்டு பக்கமும் பெரியவர்கள்தான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ‘கழட்டிட்டேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘வந்துச்சு’ என்பார்கள். மிகவும் நன்றாக வந்திருந்தால் ‘அதுவா வந்துச்சு’ என்பார்கள். அதற்கு மேல் பாராட்டு அங்கே கிடையாது.

நாயகத்துக்கு அந்தச் சொல் இன்னும் வாய்க்கவில்லை.



அவனுக்குச் சாலையில் வேறொரு பெயர் இருந்தது. ஒடிச்சான்.

சொந்த லாரி வைத்து உப்பு ஓட்டுகிறவன். தன் வண்டியைத் தானே பழுது பார்த்துக்கொள்வான். அவன் கை பட்டால் ஒன்று போல்ட் வரும், இல்லாவிட்டால் ஒடியும். அவனோடு கை குலுக்குகிறவர்கள் பிறகு விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள் என்று டீக்கடை இசக்கி சொல்லிச் சிரிப்பான். நாயகமும் சேர்ந்து சிரித்த காலம் ஒன்று இருந்தது.

ஒருநாள் தானாகவே லூர்தக்காவிடம் வந்து நின்றான். ஒடிக்காமல் எடுக்கக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டான். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அவன் கையில் ஒரு நீண்ட இரும்புக் குழாய் இருந்தது. ஸ்பேனர் வாலில் அதைச் செருகிக்கொண்டு அழுத்தினால் ஒரு ஆளின் பலம் பல ஆள் பலமாகிவிடும். லூர்தக்கா அதை வாங்கினாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். தொய்ந்து கிடந்த தார்ப்பாய்க்கு அடியில் முட்டுக்கொடுத்து நிறுத்தினாள்.

அதுதான் முதல் பாடம் என்று நாயகத்துக்குத் தெரியவில்லை. தார்ப்பாய்க்கு முட்டு தேவைப்பட்டது என்றுதான் நினைத்தான்.



இன்று அவனுக்குப் பாடம் கேட்க நேரமில்லை.

துறைமுகத்தில் காலையிலேயே புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கடற்கரையை ஒட்டிய உப்பளங்களிலிருந்து எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எல்லோரும் வெளியேறினார்கள். நாயகத்தின் தங்கை தங்கக்கனி வரவில்லை.

பள்ளமான இடத்தில் அவளுக்கு ஒரு சின்ன அளம். அதன் கரையில் ஒரு குடிசை. புருஷன் செத்த பிறகும் அங்கேதான் இருந்தாள். அந்த ஆண்டு விளைந்த உப்பு முழுவதும் கரையில் குவிந்து கிடந்தது. மேலே ஓலை போடலாம். அடியில் தண்ணீர் ஏறினால் ஓலை என்ன செய்யும்?

பக்கத்து அளத்துக்காரர் போனில் கூப்பிட்டார். தாங்கள் கிளம்பிவிட்டதாகவும், அவன் தங்கச்சி குவியலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார்.

“உப்பு ஏறினாத்தான் நான் ஏறுவேன்னு சொல்லுதா. வந்து பாரும்.”

நாயகம் லாரியை எடுத்தான். துறைமுகச் சாலை ஏறுவதற்குள் என்ஜின் கொதித்துப் புகை விட்டது. வாட்டர் பம்ப் போய்விட்டது. எப்படியோ உருட்டி ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். வேறு லாரி கேட்டுப் பார்த்தான். கூண்டு ஏறிய நாளில் சும்மா நிற்கிற லாரி ஏது? எல்லா வண்டியும் யாரோ ஒருவருடைய உப்பை ஏற்றிக்கொண்டிருந்தது.

புது பம்ப் கிடைத்துவிட்டது. பழையதைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் மற்றவை வந்துவிட்டன. அடியில் இருந்த ஒன்று மட்டும் அசையவில்லை.

அது ஒடிந்தால் பாதி என்ஜினுக்குள் தங்கிவிடும். பிறகு என்ஜினை இறக்க வேண்டும். அதற்குள் புயல் வந்து போயிருக்கும்.



லூர்தக்கா வண்டிக்கு அடியிலிருந்து வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் போல்ட்டைப் பார்த்தாள். அதன் தலையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

“என்ன செய்யுது?”

“நல்லாப் பிடிச்சிருக்குக்கா.”

“அதுக்கு அந்த இடம் பிடிச்சிருக்கு. உங்களுக்கு அது பிடிக்கல.”

நாயகத்துக்கு எரிச்சலாக இருந்தது. இதே பேச்சை அவன் வேறொரு வாயிலிருந்து கேட்டிருந்தான். விட்டுட்டு வா, விட்டுட்டு வா என்று அவன் ஒவ்வொரு முறை போய் நின்றபோதும் தங்கக்கனி சொல்கிற பதில் அதுதான். எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. போன மழைக்கு முன்னால் அவன் பொறுமையிழந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. அவள் அழவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேசவும் இல்லை.

அதற்கு மறுவாரம்தான் அவன் லூர்தக்காவின் ஷெட்டுக்கு வந்தது.



லூர்தக்கா கம்பி பிரஷ் கொண்டு உப்பைச் சுரண்டச் சொன்னாள். அவன் வேகமாகச் சுரண்டினான். மெதுவாக என்றாள். முகம் கழுவி விடுகிற மாதிரி என்றாள்.

பிறகு மண்ணெண்ணெயில் கொஞ்சம் பிரேக் ஆயில் கலந்து, ஒரு கோழி இறகால் போல்ட்டைச் சுற்றித் தடவினாள். சின்னச் சுத்தியலை அவனிடம் கொடுத்து, தலையில் தட்டச் சொன்னாள்.

தட்டினான்.

“அது என்ன, எதிரி வீட்டுக் கதவா?”

மெதுவாகத் தட்டினான். தட், தட் என்று செத்த சத்தம் வந்தது.

“அந்தச் சத்தம் மாறும்வரைக்கும் தட்டுங்க.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அதைக் கேளுங்க. எனக்கு எப்படித் தெரியும்?”

சொல்லிவிட்டு அவள் டீக்கடைக்கு நடந்தாள்.

நாயகம் வானத்தைப் பார்த்தான். கிழக்கே கடல் இருக்கிற பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. தூறல் தார்ப்பாயில் விழத் தொடங்கியிருந்தது. தட்டினான். தட். குவியலின் மேல் உட்கார்ந்திருப்பாள். தட். பிடிவாதக்காரி. தட்.

சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்தான். தார்ப்பாய்க்கு அடியில் போய்த் தன் பழைய குழாயைப் பிடித்து உருவினான்.

தார்ப்பாய் அப்படியே அவன் தலையில் இறங்கியது. முந்தின ராத்திரி மழையில் அதில் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் அவன் சட்டைக்குள் போனது.

கெட்டிலோடு திரும்பி வந்த லூர்தக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் பின்னால் வந்த இசக்கி வாயைப் பொத்திக்கொண்டான்.

“அது அங்க நல்லாத்தானே நின்னுச்சு, அண்ணாச்சி.”

நாயகம் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். குழாயை இன்னும் பிடித்திருந்தான். தன் தங்கை தண்ணீரில் போகப்போகிறாள் என்று சொன்னான். இங்கே உட்கார்ந்து கதவு தட்டிக்கொண்டிருக்க முடியாது என்றான்.

லூர்தக்கா கெட்டிலைக் கீழே வைத்தாள்.

“தெரியும். அதான் ஒடிக்காதீங்கன்னு சொல்லுதேன்.”



கெட்டிலில் கொதிக்கிற வெந்நீர் இருந்தது. அதைப் போல்ட்டின் மேல் ஊற்றாமல், போல்ட் இருக்கிற பம்ப்பின் மேல் சுற்றிச் சுற்றி ஊற்றினாள். பம்ப் சூட்டில் கொஞ்சம் விரியட்டும், போல்ட் மூச்சு விடட்டும் என்றாள். ஆவி எழுந்தது. ஆறும்போது மறுபடியும் இறகால் எண்ணெய் தடவினாள். எண்ணெய் உள்ளே இழுத்துக்கொண்டு போவதை நாயகம் கண்ணால் பார்த்தான்.

மறுபடியும் தட்டச் சொன்னாள்.

தட். தட். தட்.

டிங்.

நாயகத்தின் கை நின்றது. லூர்தக்கா தலையசைத்தாள்.

“ஸ்பேனரை மாட்டுங்க.”

மாட்டினான். மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

“இப்ப இறுக்குங்க.”

அவளுக்கு மரை கழன்றுவிட்டதா என்று நாயகம் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் விளையாடவில்லை.

“கழட்டணும்க்கா.”

“தெரியும். இறுக்குங்க.”

“இறுகிப்போய்த்தானே இத்தனை பாடு?”

“காலையிலேருந்து ஒரே பக்கமா இழுக்கிய. அது இருக்கணும்ங்கிற பக்கம் கொஞ்சம் போய்ப் பாருங்க.”

இசக்கிகூடச் சிரிக்காமல் நின்றான்.

நாயகம் இறுக்கினான். பலம் கொடுக்கப் பயந்து, மிகக் கொஞ்சமாக.

போல்ட் அசைந்தது.

ஒரு மயிரிழைதான். உள்ளேதான் போனது. ஆனால் அசைந்தது. காலையிலிருந்து கல்லாக நின்ற ஒன்று, தான் போக விரும்பிய பக்கம் டிக் என்று ஒரு அடி வைத்தது. அந்த டிக் நாயகத்தின் தோள்வரை ஏறி வந்தது.

“போதும். இப்ப இந்தப் பக்கம். கொஞ்சமா.”

வந்தது.

“மறுபடியும் உள்ள விடுங்க.”

விட்டான்.

“இப்ப வெளிய. போன தடவையைவிடக் கொஞ்சம் கூட.”

முன்னும் பின்னுமாக, தொட்டில் ஆட்டுகிற மாதிரி அவன் கை போய்வந்துகொண்டிருந்தது. செம்மண் நிறத்தில் துரு பொடிப்பொடியாக வெளியே வந்தது. பிறகு ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலால் திருகினான். கடைசி மரையும் விட்டது. முழு போல்ட்டும் அவன் உள்ளங்கையில் விழுந்தது. வெந்நீரின் சூடு இன்னும் அதில் இருந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனை போல்ட்டுகளை ஒடித்திருப்பான்! ஒன்றையாவது இப்படிக் கையில் வைத்துப் பார்த்ததில்லை.

லூர்தக்கா அதை வாங்கித் துடைத்தாள். மரையில் கிரீஸ் தடவினாள். புது பம்ப் ஏறியதும் அதே போல்ட்டை அதே துளையில் போட்டு, அளவாக இறுக்கினாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள். பின்னொரு நாளில் அதை எடுக்க வரப்போகிறவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவனுக்காகத்தான் அந்தக் கிரீஸ்.

நாயகம் வண்டியில் ஏறினான். தரையில் கிடந்த இரும்புக் குழாயை லூர்தக்கா எடுத்து அவன் சீட்டுக்குப் பின்னால் செருகினாள்.

“தார்ப்பாய்க்கு?” என்றான்.

“நான் பாத்துக்கிடுதேன். கிளம்புங்க.”



சுமை ஏற்றுகிற ஆட்கள் சிலரை வழியில் ஏற்றிக்கொண்டான். அளத்துக்குப் போகிற சரள் பாதை இன்னும் தாங்கியது. தங்கக்கனி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு குவியலின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். லாரியைக் கண்டதும் இறங்கி, கூடையை எடுத்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

மழை வலுப்பதற்குள் உப்பு ஏறிவிட்டது. அடியில் கரைந்தது போக மீதி முழுவதும் ஏறியது. ஆட்கள் தார்ப்பாய் கட்டிவிட்டு மேலே ஏறி உட்கார்ந்தார்கள்.

தங்கக்கனி குடிசையைப் பார்த்து நடந்தாள்.

“உப்பு ஏறிட்டுல்லா?” என்றான் நாயகம்.

அவள் திரும்பவில்லை. அவனிடம் சொல்லாமல், மழையிடம் சொல்வது போலச் சொன்னாள். உப்பு போகட்டும். அவர் கட்டின குடிசை. இதை விட்டுட்டு நான் எங்க வர? எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு.

பாத்திகளில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எது பாத்தி, எது வரப்பு என்று தெரியவில்லை. மேலே இருந்தவர்கள் சீக்கிரம் என்று சத்தம் கொடுத்தார்கள்.

நாயகம் இரண்டு எட்டில் அவளை எட்டினான். கையை நீட்டினான்.

நீட்டிய கை அவள் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அதில் இன்னும் துரு ஒட்டியிருந்தது.

கையைக் கீழே விட்டான்.

குடிசை கிழக்குப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூலையில் நின்ற மூங்கில் உளுத்துப் போயிருந்தது. அவன் லாரிக்குத் திரும்பிப் போனான். அவன் விட்டுவிட்டுப் போகிறான் என்றுதான் தங்கக்கனி நினைத்திருப்பாள். இரும்புக் குழாயோடு திரும்பி வந்தான். மூங்கிலுக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டி அதை நட்டு, கூரைக்கு முட்டுக்கொடுத்தான். தொய்ந்திருந்த கயிற்றை அவிழ்த்து, இழுத்து இறுக்கிக் கட்டினான்.

தங்கக்கனி வாசலில் நின்று பார்த்தாள்.

“என்ன செய்யுத?”

இத்தனை மாதத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

“இறுக்குதேன். காத்துக்குத் தாங்கணும்லா.”

அடுத்த மூலைக்குப் போனான். அந்தக் கயிற்றையும் இறுக்கினான். லாரியின் மேலே இருந்தவர்களில் ஓட்டத் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு, லாரியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். பிறகு குடிசைக்குள் குனிந்து நுழைந்து, சட்டையைக் கழற்றிப் பிழிந்தான்.

“நீ போகல?” என்றாள் தங்கக்கனி.

“நீ இருக்கேல்லா.”

“இங்க எங்க படுப்ப?”

அவன் சுற்றிப் பார்த்தான். ஒருவர் படுக்கிற இடம்தான் இருந்தது.

“உக்காந்துக்கிடுதேன்.”

சும்மா சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அது அவனுக்கே தெரிந்தது. சாகப் பயமாக இருந்தது. ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை. கிழக்குச் சுவரில் இருந்த ஓட்டை வழியாகக் கடல் தெரியும் என்று முன்னொரு நாள் அவள் சொல்லியிருந்தாள். குனிந்து பார்த்தான். தெரிந்தது.

“நல்லாத்தான் இருக்குட்டி இந்த இடம்” என்றான்.

வெளியே லாரி இன்னும் கிளம்பாமல் உறுமிக்கொண்டு நின்றது.

தங்கக்கனி அண்ணனுடைய நனைந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷனுடைய படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

“உனக்கு ஈரம் ஆகாது. இருமியே ராத்திரியை ஓட்டுவ” என்றாள். “எந்திரி. வண்டியை எடு.”



காலையில் மழை விட்டிருந்தது. பள்ளத்து அளங்கள் எல்லாம் கடலோடு சேர்ந்துவிட்டன என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். தங்கக்கனியின் குடிசை இருந்த இடத்தில் ஒரு இரும்புக் குழாய் மட்டும் தண்ணீருக்கு மேல் நின்றுகொண்டிருந்ததாம்.

நாயகம் ஷெட்டுக்கு வந்தான். லூர்தக்கா தார்ப்பாய்க்கு ஒரு சவுக்குக் கம்பை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பம்ப் ஒழுகுதா?”

“இல்லக்கா.”

கம்பை நட்டு முடித்து, அசைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“தங்கச்சியைக் கூட்டிட்டு வந்தியளா?”

நாயகம் தன் கைகளைப் பார்த்தான்.

“இல்லக்கா” என்றான். “அவளா வந்தா.”